சங்கரதாஸ் சுவாமிகளும் யமன் வேடமும்

பாலாற்றங்கரையிற் பிறந்து வளர்ந்தவர்க்குப் படுகளம் என்னும் சொல்லை விளக்க வேண்டுவதில்லை. வேலூரும் ஆம்பூரும் வாணியம்பாடியும் பேரணாம்பட்டும் தோல் பதனிடுந் தொழிலால் நாடறிந்த ஊர்களாயினும், அவற்றைச் சூழ்ந்த சிற்றூர்கள் பல திரௌபதியம்மன் கோயிலும் பாரதக் கூத்தும் உடையன. பகலில் பாரதப் பிரசங்கம், இரவில் விடியுமட்டும் கூத்து. இறுதி நாட் காலையில், ஊர்ப்புறத்து வெளியில் மண்ணாற் செய்து கிடத்திய துரியோதனனது பேருருவத்தின்மேல் வேடதாரிகள் ஏறி ஓடுவார்கள். வீமன் அதன் தொடையைப் பிளப்பான். திரௌபதி தன் விரித்த கூந்தலை முடித்துக்கொள்ளுவாள். சிறு வயதில் யான் அக்காட்சியைப் பாட்டியின் முந்தானைக்குள் முகம் புதைத்து ஒற்றைக் கண்ணாற் பார்த்ததுண்டு. தொடையினின்று சிவந்த நீர் பெருகிற்று. எனக்குப் பல இரவுகள் உறக்கம் வரவில்லை. என்னோடொத்த சிறுவர் சிலரோ, அன்று மாலையே மூங்கிற் கழிகளைக் கதாயுதமாக்கிக்கொண்டு ஒருவரையொருவர் துரத்தினார்கள். அவர்களில் ஒருவன் நெற்றியில் அந்நாளைய தழும்பு இன்றும் உண்டு.

ஒரே காட்சி ஒருவனை நடுங்கச் செய்தது. மற்றொருவனை அடிக்கச் செய்தது. கண்ணெதிரே காட்டப்படும் கொடுமை காண்போரைக் கொடியராக்குமோ என்னும் வினா இக்காலத்துப் பெற்றோரையும் ஆசிரியரையும் வருத்துகின்றது. திரைப்படத்தில் வாளும் துப்பாக்கியும், கைப்பேசியில் விளையாட்டென்னும் பேரால் ஓயாத கொலை. இவற்றைப் பற்றிக் கலாசாலை விவாதக் கழகங்களில் ஒட்டியும் வெட்டியும் பேசக் கேட்டிருக்கிறோம். பெரும்பாலும் பார்ப்போரைப் பற்றியே பேசுகிறோம். காட்டுவோன் நெஞ்சம் என்ன பாடுபடும் என்பதை யாரும் எண்ணுவதில்லை. அங்ஙனம் பாடுபட்டுத் தன் வாழ்க்கையின் போக்கையே மாற்றிக்கொண்ட ஒருவர் தமிழ்நாட்டில் இருந்தார். தமிழ் நாடகத் தலைமையாசிரியர் என்று இன்றும் நடிகர்களால் போற்றப்பெறும் தவத்திரு சங்கரதாஸ் சுவாமிகளே அவர்.

சுவாமிகள் 1867ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 7ஆம் நாள் தூத்துக்குடியை அடுத்த காட்டுநாயக்கன்பட்டியில் தோன்றினார். பெற்றோர் இட்ட பெயர் சங்கரன். தந்தையார் தாமோதரர் இராமாயணத்தில் வல்லவர். இராமாயணப் புலவர் என்றே அவரை அழைப்பர். மகனுக்கு முதலாசிரியர் அவரே. பின்னர்ப் பழனித் தண்டபாணி சுவாமிகளிடத்து இலக்கண இலக்கியங்களைக் கற்றார். இளமையிலேயே வெண்பாவும் கலித்துறையும் இசைப்பாட்டும் இயற்றும் ஆற்றல் கைவந்தது. ஆயினும் வெண்பா வயிற்றை நிரப்புமா? சில காலம் உப்புப் பண்டகசாலையிற் கணக்கராக இருந்தார். உப்பளத்துக் கணக்கேட்டில் வரவையும் செலவையும் எழுதிய அக்கைதான் பின்னர் ஒரே இரவில் ஒரு நாடகத்தை எழுதி முடிக்கும் கையாயிற்று.

1891ஆம் ஆண்டில், 24 வயதில், கணக்குத் தொழிலை விடுத்து நாடகத்திற் புகுந்தார். சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையைத் தோற்றுவித்ததும் அவ்வாண்டே. ஆனால் இரண்டு உலகங்களும் வேறு வேறு. முதலியாரும் அவர் நண்பரும் கற்றவர்கள், அலுவலில் இருந்தவர்கள்; ஓய்வு நேரத்தில் நாடகமாடினார்கள். சங்கரதாஸர் புகுந்ததோ தொழில்முறை நடிகர் கூட்டம். அக்காலத்தில் நாடகத்தை ஏற்றுத் தொழிலாகக் கொண்டவனை மதிப்போர் அரியர். வீடு வாடகைக்குக் கொடுப்போரும் அரியர். இராமுடு ஐயர், கலியாணராமையர் என்போருடைய சபையில் நடிகராகவும் ஆசிரியராகவும் அவர் அமர்ந்தார். அதன்பின் சாமி நாயுடு என்பாருடைய சபையிலும் சூத்திரதாரராக விளங்கினார்.

அந்நாளைய அரங்கை நாம் மனக்கண்ணால் காணவேண்டும். ஒலிபெருக்கி இல்லை, மின்விளக்கு இல்லை. எரியும் விளக்கின் அசையும் ஒளியில், அரிதாரமும் மையும் பூசிய முகம் ஒருகணம் பெரிதாகும், மறுகணம் இருளிற் கரையும். நடிகன் குரல் ஒன்றே ஆயிரம் பேரை எட்டவேண்டும். திரைப்படத்திற்கு அஞ்சும் சிறுவனை நோக்கி, அது வெறும் நிழல் என்று நாம் தேற்றலாம். அன்றோ பத்து முழத்திற்கு அப்பால் உயிருள்ள ஒருவன் பல்லைக் கடித்து நின்றான்.

சங்கரதாஸர் ஏற்ற வேடங்கள் யாவும் அச்சம் விளைப்பன: இரணியன், இராவணன், யமன், சனீசுவரன். அவர் கதாநாயகராக வந்து காதற்பாட்டுப் பாடியதாக யாரும் புகழக் கேட்டிலேம். கொடியோர் வேடமே அவர்க்கு உரியதாயிற்று. அதில் அவர் அடைந்த வெற்றியே அவர்க்கு வினையாகவும் முடிந்தது.

நாடகத் துறையார் வழிவழியாகக் கூறிவரும் வரலாறுகள் இரண்டு உண்டு. ஒன்று, சாவித்திரி நாடகத்தில் நிகழ்ந்தது. சங்கரதாஸர் யமனாக வந்தார். அவ்வுருவத்தையும் முழக்கத்தையும் ஆர்ப்பாட்டத்தையும் கண்ட சூல்கொண்ட பெண்ணொருத்தி, அவ்வச்சம் தாங்கமாட்டாது, அவ்விடத்திலேயே கருச்சிதைந்தாள் என்பர். மற்றொன்று நளதமயந்தி நாடகத்தை ஒட்டியது. அதில் அவர் சனீசுவரன். இரவு முழுவதும் ஆடி, வைகறையில் வேடத்தைக் கலைக்க நீர்நிலைக்குச் சென்றார். கருமை பூசிய அக்கோலத்தை இருள் பிரியாத அவ்வேளையில் எதிரே கண்ட ஒரு சலவைப் பெண், திகைத்து வீழ்ந்து உயிர் துறந்தாள் என்பர். முன்னதில் நாடகம் நடந்துகொண்டிருந்தது. பின்னதிலோ நாடகம் முடிந்துவிட்டது; பாட்டில்லை, மத்தளமில்லை, நடிகர் முகங்கழுவப் போகும் ஓர் ஏழைத் தொழிலாளி மட்டுமே. அப்பெண் நாடகம் பார்த்தவளும் அல்லள். விடியுமுன்னே ஊரார் அழுக்கை வெளுக்க வந்தவள்.

இவை எவ்வளவு மெய், எவ்வளவு வாய்வழியே வளர்ந்தன என்று இன்று பிரித்துக் காட்டுதல் இயலாது. புகழ்பெற்ற நடிகரைச் சுற்றி இத்தகைய கதைகள் படர்தல் இயல்பு. எனினும் ஒன்று உறுதி. சங்கரதாஸர் வேடம் பூணுதலைக் கைவிட்டார். புகழின் உச்சியிலிருந்த நடிகர், சபைகள் தம்மை வேண்டியழைக்கும் காலத்தில், அரிதாரப் பெட்டியை மூடினார். அதற்குக் காரணம் இந்நிகழ்ச்சிகளால் அவர் உற்ற துயரமே என்று அவர் மரபினர் கூறுகின்றனர். அடித்தவர் அல்லர், கொன்றவர் அல்லர், எந்த நீதிமன்றமும் அவரைக் குற்றஞ் சாட்டியிராது. தாமே தம்மைக் குற்றஞ் சாட்டிக்கொண்டார்.

இஃது அச்சத்தின் கதை. ஆத்திரத்தின் கதையன்றே என்று நேயர் வினவலாம். வினா நியாயமானதே. காட்சியிற் கண்ட கொடுமை மனிதரிடத்து வேலை செய்யும் வழி ஒன்றன்று. நடுங்கி ஒடுங்குவோர் உளர். கொடியவனாக வந்தவனையே கொடியவனென்று மயங்கி அவன்மேற் பாய்வோர் உளர். கண்டதைக் கண்டவாறே தாமும் செய்து பார்ப்போர் உளர். இம்மூன்றையும் ஒன்றாகக் குழப்பிக்கொண்டு பேசுவதாலேயே நம் விவாதங்கள் முடிவு காணாது போகின்றன என்பது என் எண்ணம்.

இரண்டாவது வகைக்கு மிகப் பழைய சான்று பரத முனிவருடைய நாட்டிய சாத்திரத்தின் முதல் அத்தியாயத்திலேயே உள்ளது. உலகில் முதன்முதல் நடந்த நாடகத்தின் பொருள், தேவர் அசுரரை வென்றமை. காண வந்திருந்த அசுரர் தம் தோல்வியைத் தாமே பார்க்கச் சகியாது வெகுண்டனர். மாயத்தால் நடிகருடைய நாவையும் நடையையும் நினைவையும் கட்டிவிட்டனர். இந்திரன் கொடிக்கம்பை எடுத்து அவர்களை நையப்புடைத்தான். அதன் பிறகே நாடகத்திற்கெனக் காவலுடைய அரங்கம் கட்டப்பட்டதாம். நாடகம் ஒரு பக்கத்தாரை இழித்துரைக்க வந்ததன்று, மூவுலகத்தார் செயலையும் காட்ட வந்தது என்று பிரமன் அசுரரைச் சமாதானப்படுத்தினான். கதையாயினும் இதை எழுதியவர் கூத்து மேடையருகே பல இரவுகள் விழித்திருந்தவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. அந்நூலே போரும் மரணமும் நகர் முற்றுகையும் அங்கத்தில் நேரே காட்டத்தக்கன அல்ல, இடைக்காட்சியில் பிறர் வாய்மொழியால் உணர்த்தத்தக்கன என்றும் விதிக்கின்றது.

வங்காளத்தில் இது கதையாக அன்றி வரலாறாகவே நிகழ்ந்தது. அவுரித் தோட்டத்து வெள்ளைத் துரைமார் குடியானவரை வதைத்ததைத் தீனபந்து மித்திரர் நீலதர்ப்பணம் என்னும் நாடகமாக 1860ஆம் ஆண்டில் எழுதினார். அதன் ஆங்கில மொழிபெயர்ப்பை வெளியிட்ட குற்றத்திற்காக ஜேம்ஸ் லாங் என்னும் பாதிரியார் 1861இல் ஒரு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் பெற்றார். மிஷன் கலாசாலையிற் பயில்வோர் அவரை மறவாதிருத்தல் நன்று. 1872இல் கல்கத்தாவில் அந்நாடகம் மேடையேறியது. கொடிய துரையாக அர்த்தேந்து சேகர முஸ்தபி நடித்தபோது, காண வந்திருந்த ஈசுவர சந்திர வித்தியாசாகரர் தம்மை மறந்து காற்செருப்பைக் கழற்றி மேடைமேல் வீசினார் என்றும், நடிகர் அதனைத் தம் நடிப்பிற்குக் கிடைத்த பரிசாக ஏற்றுக்கொண்டார் என்றும் கூறுவர். கருணைக் கடலென்று பெயரெடுத்த அப்பேரறிஞரே செருப்பைக் கழற்றினாரென்றால், செருப்புக்குத் தோல் கொடுக்கும் ஊராராகிய நாம் நம்மைப் பற்றி மிக உயர்வாக எண்ணிக்கொள்ளுதல் தகாது. 1875இல் லக்னோ நகரில் அதே நாடகம் நடந்தபோது, துரையைக் குடியானவன் அடிக்கும் காட்சியில் வெள்ளைச் சிப்பாய்கள் வாளுடன் மேடைமேற் பாய்ந்தார்கள். நடிகர்கள் உயிர் பிழைத்து ஓடினார்கள். மறு ஆண்டே, 1876இல், நாடகங்களை அடக்குஞ் சட்டம் பிறந்தது. சுரண்டலை அடக்கும் முன் அதைக் காட்டிய நாடகத்தை அடக்கினார்கள். காட்டப்படும் கொடுமையைத் தடுக்கிறோம் என்று ஆள்வோர் புறப்படும்போது, எதைத் தடுக்கிறார்கள் என்று உற்று நோக்குதல் வேண்டும்.

நம் வடார்க்காட்டுக் கூத்தரும் இவ்வபாயத்தை அறியாதவரல்லர். துகிலுரிதல் இரவில், துச்சாதனன் வேடம் பூண்டவர் திரௌபதியின் சேலையிற் கைவைக்கும் முன்னர், கற்பூரம் ஏற்றி அம்மனை வணங்கிப் பிழைபொறுக்க வேண்டுவது வழக்கம். அவ்விடத்தில் ஆட்டம் ஒருகணம் நின்றுவிடும். துச்சாதனன் மறைந்து, அவ்வூரோ அடுத்த ஊரோ சேர்ந்த ஒரு குடும்பஸ்தன் கைகூப்பி நிற்பான். பின்னர் மீண்டும் துச்சாதனன். தஞ்சை நாட்டு மெலட்டூரில் பிரகலாத நாடகம் ஆடுங்கால், நரசிங்க முகத்தை அணிபவர் நோன்பிருந்து அணிவதும், ஆவேசம் மிகுந்து இரணிய வேடதாரியை மெய்யாகவே தாக்கிவிடாதபடி பலர் அவரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. படிப்பறிவில்லாதார் என்று நாம் எண்ணும் மக்கள், காட்டும் கொடுமைக்கும் கரை கட்டவேண்டும் என்பதைச் சடங்கினால் வகுத்து வைத்திருக்கின்றனர். சங்கரதாஸருக்கு அத்தகைய சடங்கு இல்லை. சீட்டு விற்கும் கொட்டகை அரங்கில் நோன்பேது, கற்பூரமேது? தமக்குரிய கரையைத் தாமே தேடவேண்டியவரானார்.

சபையை விட்டு நீங்கித் துறவு மனத்தோடு தலந்தோறும் அலைந்தார். சுவாமிகள் என்னும் பெயர் அவர்க்கு அக்காலத்தது. மீண்டும் நாடகத்திற் புகுந்த பின்னும் அப்பெயரும் எளிய உடையும் பிரமசரியமும் நிலைத்துவிட்டன. அலைந்தவரைத் தடுத்து ஆட்கொண்டவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கஞ்சிரா என்னும் சிறு கருவியைச் சங்கீத மேடையில் மதிப்புடன் அமரச் செய்த மேதை அவர். உடும்புத் தோல் போர்த்த அவ்வளையத்தில் அவர் எழுப்பிய தாளக்கட்டுகளைத் தோலின் அருமையறிந்த நம் ஊரார் கேட்டிருந்தால் பெரிதும் களித்திருப்பர். பிள்ளையவர்கள் சுவாமிகளைத் தம் மகனெனவே கொண்டு, தாள நுட்பங்களைக் கற்பித்து, நாடகத்திற்குத் திரும்புமாறு தூண்டினார். சுவாமிகள் திரும்பினார், வேடதாரியாக அன்று, ஆசிரியராக.

வள்ளி வைத்தியநாதையர், அல்லி பரமேசுவர ஐயர், பி. எஸ். வேலு நாயர் முதலியோருடைய சபைகள் அவர்தம் நாடகங்களை ஆடின. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன், சத்தியவான் சாவித்திரி, இலவகுசா, நல்லதங்காள், சுலோசனா சதி, சிறுத்தொண்டர், பிரகலாதன், சதி அநுசூயா என அவை பெருகின. ஷேக்ஸ்பியருடைய ரோமியோ ஜூலியட்டையும் சிம்பலினையும் தழுவியும் எழுதினார். மொத்தம் நாற்பது என்பாரும் அதன் மேலென்பாரும் உளர். பல இன்று கிடைத்தில.

பட்டியலை நோக்குக. சிறுத்தொண்டர் பெற்ற மகனை அரிந்து கறி சமைத்தவர். நல்லதங்காள் பசி பொறாத மக்கள் எழுவரைக் கிணற்றில் எறிந்து தானும் வீழ்ந்தவள். கோவலன் தலை துணிக்கப்பட்டவன். கொடுமைக்கு அஞ்சிக் கொடுங்கதைகளையே அவர் விலக்கிவிட்டார் என்று சொல்ல இயலாது. மக்களுக்குத் தெரிந்த, மக்கள் வேண்டிய கதைகள் அவை. அவர் செய்தது வேறு. பாட்டையும் உரையாடலையும் நீதி மொழிகளையும் ஏராளமாகச் சொரிந்து, கொலை நிகழும் அக்கணத்தை விட அதற்கு முன்னும் பின்னும் நிற்கும் நியாய அநியாய விசாரணையைப் பெருக்கினார். ஒரு வெட்டு விழுமுன் வெட்டுபவனும் வெட்டப்படுபவனும் தத்தம் வழக்கை நெடுநேரம் உரைப்பார்கள். இக்காலத்து விமரிசகர் அதனைக் குறையாகக் கூறுவதுண்டு. கதை நகரவில்லை, பாட்டு மிகுதி, தர்க்கம் மிகுதி என்பர். யானும் சில இடங்களில் கொட்டாவி விட்டதுண்டு; மறுக்கவில்லை. ஆனால் தர்க்கம் நீளும்போது ஆத்திரம் தணிகிறது என்பதை வழக்கு மன்றத்தில் நின்றவரும் அறிவர், வீட்டில் சண்டையிட்டவரும் அறிவர்.

சத்தியவான் சாவித்திரியையே எடுத்துக்கொள்வோம். இளமையில் எந்த யமனாக வந்து ஒரு தாயின் கருவைக் கலைத்தாரென்று உலகம் பேசியதோ, அந்த யமனை ஆசிரியராக மீண்டும் சந்தித்தார். பாசக்கயிற்றோடு வருபவனை ஓர் இளம்பெண் சொல்லாலேயே மடக்கி, வரம் மேல் வரமாகப் பெற்று, கணவன் உயிரை மீட்கின்றாள். புராணக் கதை அதுவே; சுவாமிகள் புதிதாகப் புனைந்ததன்று. எனினும் தன் உருவத்தால் ஒரு பெண்ணை வீழ்த்திய யமன், ஒரு பெண்ணின் வாக்கால் வீழும் காட்சியை அவர் எழுதும்போது என்ன நினைத்திருப்பார் என்று எண்ணாதிருக்க முடியவில்லை.

சொல்லால் ஆத்திரம் மூண்டதையும் சொல்லால் அது தணிந்ததையும் அவர் நேரே கண்ட இடம் மதுரை. கோவலன் நாடகத்தில், மதுரைக்குப் போகவேண்டாமென்று கண்ணகி தடுக்குமிடத்துப் பாட்டில், அவ்வூர் மகாபாவிகள் வாழுமிடம் என்று பொருள்படும் ஒரு சொல் வந்தது. வேற்றூரில் ஆடியபோது குறைகூறுவார் இலர். மதுரையிலேயே அதைப் பாடியதும் அவையில் இருந்தோர் கொதித்தெழுந்தனர், நாடகம் நின்றது. சுவாமிகள் மேடைக்கு வந்து, அச்சொல்லையே எழுத்தெழுத்தாகப் பிரித்து, திருமகளும் கலைமகளும் மலைமகளும் குடிகொண்ட ஊர் என்று பொருள் உரைத்தாராம். சீறியவர்கள் கைதட்டினார்கள். தமிழறிவின் வெற்றியென்று இதனை மேடைகளில் எடுத்துரைப்பர். எனக்கோ வேறொன்று தோன்றுகின்றது. கண்ணகி சொன்ன சொல்லுக்கு மதுரையார் சீறினார்கள். அசுரர் சீறியது போல, லக்னோச் சிப்பாய்கள் சீறியது போல. அங்கே கொடிக்கம்பும் வாளும் வந்தன. இங்கே கிழவர் ஒருவர் இலக்கணத்தோடு வந்தார்.

1910ஆம் ஆண்டில் சமரச சன்மார்க்க நாடக சபையை நிறுவினார். பின்னாளில் இசையால் தமிழகத்தை மயக்கிய எஸ். ஜி. கிட்டப்பா அங்குப் பயின்ற சிறுவருள் ஒருவர். ஜெகந்நாத ஐயருடைய பாலர் சபையிலும் ஆசிரியராயிருந்தார். 1918இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை தோன்றிற்று, டி. கே. எஸ். சகோதரர்கள் அங்கே சிறுவராகச் சேர்ந்தனர். பெரியவர்களை விட்டுச் சிறுவரை நாடியதற்குக் காரணம் உண்டு. வளர்ந்த நடிகர் எழுதிய சொல்லைப் பேசுவதில்லை. மேடையிலேயே ஒருவரையொருவர் தாக்கிச் சொந்தச் சண்டையைத் தர்க்கமாக நடத்துவர். குடித்து வருவோரும் உண்டு. சிறுவரோ எழுதிக் கொடுத்ததைப் பேசுவர். இதனோடு இன்னொரு பயனும் விளைந்திருக்கவேண்டும். எட்டு வயதுப் பாலகன் மீசை ஒட்டிக்கொண்டு யமனாக முழங்கும்போது, கூட்டத்திற் சிரிப்பும் வாத்சல்யமும் கலக்குமே யன்றிக் கருச்சிதையும் அச்சம் எழாது. சுவாமிகள் இதைக் கருதியே செய்தார் என்பதற்குச் சான்றில்லை, யான் ஊகிப்பதே.

அபிமன்யு சுந்தரி நாடகத்தைச் சிறுவன் சண்முகத்திற்காக ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பது நாடக உலகிற் பெயர்பெற்ற செய்தி. அபிமன்யு என்றவுடன் சக்கர வியூகத்தில் பலர் சூழ்ந்து கொன்ற இளஞ்சிங்கமே நம் நினைவுக்கு வரும். சுவாமிகள் எடுத்துக்கொண்டதோ அவன் மணக்கோலத்தின் கதை.

ஆனால் உண்மையை மறைத்தல் ஆகாது. மேடைமேல் விழுந்த அடி பொய். மேடைக்குப் பின்னால் பாலர் சபைகளில் விழுந்த அடி மெய். பாடம் மறந்தால் பிரம்பு, தாளம் தவறினால் பிரம்பு, வீட்டை நினைத்து அழுதால் அதற்கும் பிரம்பு என்பது அக்காலத்துச் சபைகளின் பொது வழக்கம். பெற்றோரைப் பிரிந்த சிறுவர் ஓடிப்போவதும் பிடிபடுவதும் மிகுதி. இரவில் நீதி புகட்டிய அரங்கத்தில் பகலில் நடந்தது இது. பார்த்த கொடுமையால் ஒருவன் கெடுவானா என்று கேட்கும் நாம், பட்ட கொடுமையால் எத்தனைபேர் கெட்டனர் என்று கேட்டதில்லை.

அச்சபைகளின் வழிவந்த இருவரைப் பற்றி ஒரு வார்த்தை. எம். ஆர். இராதாவும் எம். ஜி. இராமச்சந்திரனும் சிறுவயதில் பாலர் நாடக சபைகளிற் பயின்றவர்கள். பின்னாளில் ஒருவர் திரையில் கொடியவர், மற்றவர் திரையில் நாயகர். 1967ஆம் ஆண்டு ஜனவரி 12ஆம் நாள் சென்னை இராமாவரம் தோட்டத்தில் இராதாவின் துப்பாக்கிக் குண்டு இராமச்சந்திரன் கழுத்திற் பாய்ந்தது. இருவரும் பிழைத்தனர், இராதா சிறை சென்றார். வழக்கு மன்றம் ஆராய்ந்தது மனிதர் இருவருக்குள் நேர்ந்த பகையை. மக்கள் கண்டதோ ஒரு படக்காட்சியின் தொடர்ச்சியை. கொடியவன் நாயகனைச் சுட்டான் என்று கூட்டங் கூட்டமாகக் கொதித்தனர். நடிப்பு அத்துப்பாக்கியை வெடிக்கச் செய்தது என்று யான் கூறேன். வெடித்த பின்பு எழுந்த ஆத்திரத்தில் நடிப்புக்குப் பங்குண்டு.

மூன்றாவதாகிய பார்த்துச் செய்தலைப் பற்றி அயல்நாட்டார் சோதித்தறிந்திருக்கின்றனர். 1961இல் அமெரிக்காவில் ஸ்டான்போர்டு சர்வகலாசாலையைச் சேர்ந்த ஆல்பர்ட் பண்டூரா என்னும் உளநூலார், மூன்று முதல் ஆறு வயதுக் குழந்தைகள் 72 பேரைக் கொண்டு ஆராய்ந்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை உதைத்தும் சுத்தியால் அடித்தும் காட்டக் கண்ட குழந்தைகள், தனியே விட்டபோது அதே அடிகளை அதே முறையில் அடித்தனர். காணாத குழந்தைகள் அவ்வளவு அடித்திலர். 1963இல் அதனைப் படமாகக் காட்டியபோதும் விளைவு அத்தகையதே. பொம்மையை அடிப்பதும் மனிதரை அடிப்பதும் ஒன்றா, அன்றைய அடி ஆண்டுக்கணக்கில் நீடிக்குமா என்று அறிஞர் இன்றளவும் வாதிடுகின்றனர். படுகளத்து மாலையில் மூங்கிற்கழி ஏந்திய என் தோழன் வளர்ந்து, ஒருவரையும் அடியாத அமைதியான தோற்சாலைக் கணக்கராக வாழ்ந்து வருகின்றான். நெற்றித் தழும்பு பெற்றவன் அவனை இன்றும் வீமா என்றே அழைக்கின்றான்.

சுவாமிகளின் இறுதிக் காலம் துன்பமானது. 1921இல் சபை சென்னையில் இருந்தபோது பக்கவாதம் தாக்கிற்று, கை கால் ஒருபுறம் செயலிழந்தன, நாவும் அடங்கிற்று. ஒரு காலத்தில் ஒலிபெருக்கியின்றி ஆயிரவரை நடுங்க வைத்த குரல் அது. சபையார் அவரைக் கைவிடவில்லை. ஊர்தோறும் தம்முடன் அழைத்துச் சென்றனர். புதுச்சேரியில் தங்கியிருந்தபோது, 1922ஆம் ஆண்டு நவம்பர் மாதம் 13ஆம் நாள் அவர் உயிர் நீங்கிற்று. அவ்வூரில் கருவடிக்குப்பத்தில் அவர் சமாதி உள்ளது.

அவர் எழுதிய வள்ளி திருமணம் தென்பாண்டி நாட்டு ஊர்த் திருவிழாக்களில் இன்றும் விடியவிடிய நடக்கிறது. அதில் கொலையில்லை. வேலன் வேடனாகவும் விருத்தனாகவும் வருகிறான்; தினைப்புனத்து மறவாப் பெண் அவனோடு பாட்டுக்குப் பாட்டு வாதிடுகிறாள்; முன்வரிசைக் குழந்தைகள் சமுக்காளத்தில் உறங்கிப் போகின்றன. பொழுது புலரும் நேரத்தில் நடிகர்கள் அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டு தேநீர்க் கடைக்கு வருகிறார்கள். யாரும் அவர்களைக் கண்டு திடுக்கிடுவதில்லை.